தோ நகரின் கற்கள்: மாயச் சிதைவுகளும் காலனிய நகரங்களும்

மெக்சிகோவின் யுகாத்தான் தீபகற்பத்தைச் சுற்றிக்காட்டும் சிறுகுழுப் பயணங்களின் நிரல் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தது போலிருக்கும். பன்னிரண்டு அல்லது பதினாறு பேர், குளிரூட்டப்பட்ட ஒரு வேன், உரிமம் பெற்ற ஒரு வழிகாட்டி, எட்டுப் பத்து நாட்கள். வெயில் ஏறுவதற்கு முன் உஷ்மாலிலோ சிச்சென் இட்சாவிலோ பிரமிடுகளைப் பார்த்துவிட வேண்டும். பொழுது சாய்ந்தபின் மெரிதாவிலோ வயாதோலித்திலோ வளைவுகள் சூழ்ந்த சதுக்கத்தில் அமர்ந்து உணவருந்த வேண்டும். விளம்பரத் தாள் இதை 'மாயச் சிதைவுகளும் காலனிய நகரங்களும்' என்று அறிவிக்கும். தமிழ் இலக்கணத்தில் இதற்கு எண்ணும்மை என்று பெயர். தனித்தனிப் பொருள்களை அடுக்கி எண்ணும்போது வருவது. சிதைவுகள் ஒரு பொருள், நகரங்கள் வேறொரு பொருள். முன்னதற்கு உரியவர்கள் மறைந்துபோன மாயர்கள். பின்னதற்கு உரியவர்கள் கடல் கடந்து வந்த ஸ்பானியர்கள். இரண்டுக்கும் நடுவே அடர்ந்த காடும் சில நூற்றாண்டு மௌனமும்.

இந்தப் பாகுபாட்டைப் பயண நிறுவனங்கள் கண்டுபிடிக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டுப் பயண நூல்களிலும் 20ஆம் நூற்றாண்டுத் தொல்லியலிலும் அது வேர்கொண்டது. பயண நிரல் அதன் மலிவுப் பதிப்பு. ஆனால் நிரலில் உள்ள ஊர்களை ஒவ்வொன்றாக எடுத்து, எந்தக் கல்லை யார் எப்போது எங்கிருந்து பெயர்த்து எங்கே வைத்தார்கள் என்று கேட்கத் தொடங்கினால் அந்த எண்ணும்மை நிலைப்பதில்லை.

1542 ஜனவரி 6 அன்று இளைய பிரான்சிஸ்கோ தெ மொந்தேஹோ மெரிதாவை நிறுவினார். அங்கு ஏற்கெனவே தோ என்னும் மாய ஊர் இருந்தது. தன் பெருமைக் காலத்தைக் கடந்திருந்தாலும் மக்கள் குடியிருந்த ஊர். அதன் நடுவே வெட்டுக்கற்களால் எழுப்பிய பெருமேடைகளும் கோயில்களும் நின்றன. அவற்றைக் கண்ட ஸ்பானியர்களுக்குத் தம் நாட்டு மெரிதாவிலுள்ள ரோமானியச் சிதைவுகள் நினைவுக்கு வந்தன. அந்தப் பெயரையே சூட்டினார்கள். பெயர் சூட்டியதிலேயே ஒரு தீர்ப்பும் அடங்கியிருந்தது: ரோமானியர் போய்விட்டதைப் போல இவற்றைக் கட்டியவர்களும் போய்விட்டவர்களே. மேடைகளின் அடிவாரத்தில் ஓலைக்கூரை வீடுகளில் வாழ்ந்துகொண்டிருந்தவர்கள் அந்த ஒப்புமைக்குள் அடங்கவில்லை.

அடுத்த சில பத்தாண்டுகளில் அந்த மேடைகள் கல்லெடுக்கும் சுரங்கங்களாயின. 1560-களின் தொடக்கத்தில் தொடங்கி 1598-இல் நிறைவுற்ற மெரிதா பேராலயத்தில் தோ நகரின் கற்கள் இருக்கின்றன. சதுக்கத்தின் தென்புறம் மொந்தேஹோ குடும்பம் எழுப்பிய மாளிகையின் முகப்பு 1549ஆம் ஆண்டைத் தாங்கி நிற்கிறது. அதன் மேற்பகுதியில் ஈட்டிக்கோடரி ஏந்திய இரு வீரர்கள் வாய்பிளந்து அலறும் தலைகளின்மீது கால் பதித்து நிற்கிறார்கள். அந்தத் தலைகள் வீழ்த்தப்பட்ட மாயர்களைக் குறிக்கின்றனவா, ஐரோப்பிய மறுமலர்ச்சிக் கலையில் வழங்கிய ஓர் அலங்கார மரபா என்று கலை வரலாற்றாளர்கள் வாதிட்டுக்கொள்ளலாம். அவற்றைச் செதுக்கிய கைகளில் பல மாயர்களுடையவை என்பதில் கருத்து வேறுபாடு குறைவு.

நகரின் கிழக்குப் பகுதியில் இருந்த ஒரு பெருமேடை பிரான்சிஸ்கன் துறவிகளுக்குக் கொடுக்கப்பட்டது. அதன்மேல் அவர்கள் மடம் கட்டினார்கள். 1840-களின் தொடக்கத்தில் நியூயார்க் வழக்கறிஞர் ஜான் லாய்டு ஸ்டீவன்ஸ் அங்கு சென்றபோது மடமே பாழாகிக் கிடந்தது. அதன் கீழ்த்தளத்து இருட்டு நடைவழியில், உஷ்மாலில் தாம் கண்ட அதே வகை மாய வளைவைப் பார்த்தார்: இருபுறச் சுவர்களும் படிப்படியாக உள்நோக்கி நீண்டு உச்சியில் ஒரு மூடுகல்லால் இணையும் கட்டுமுறை. மாயக் கட்டடத்தின் ஒரு பகுதியைத் துறவிகள் இடிக்காமலேயே தம் மடத்துக்குள் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். சிதைவின்மேல் மடம், மடத்தின் சிதைவுக்குள் முந்தைய கட்டடம். இன்று அந்த மேட்டின் இடத்தில் மெரிதாவின் பெருஞ்சந்தை நடக்கிறது. தக்காளியும் மிளகாயும் வாங்க வருபவர்கள் பெருமளவு மாய மொழி பேசும் ஊர்களிலிருந்து வருகிறார்கள்.

இதில் ஒரு நிதானம் தேவை. பழைய கல்லை எடுத்துப் புதிய கட்டடம் எழுப்புவது அத்தனையும் ஆதிக்கத்தின் அடையாளம் என்று சொல்லிவிட முடியாது. சுண்ணாம்புக்கல் நிலத்தில், செதுக்கிய கல் கையெட்டும் தூரத்தில் கிடக்கும்போது புதிதாக வெட்டுவது வீண் உழைப்பு. மாயர்களும் அதையே செய்தார்கள். சிச்சென் இட்சாவின் குக்குல்கான் பிரமிடுக்குள் அதற்கு முந்தைய ஒரு கோயில் முழுமையாக இருப்பதை 1930-களின் அகழாய்வு காட்டியது. சிவப்பு வண்ணம் பூசிய சிறுத்தை இருக்கை அங்கேதான் கிடைத்தது. அதற்கும் உள்ளே மூன்றாவது ஒரு கட்டமைப்பு இருப்பதாக 2016-இல் மெக்சிகோ ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். பழையதை உள்ளடக்கிப் புதியதை எழுப்புவது அந்த மண்ணின் பழைய வழக்கம். வேறுபாடு எங்கே என்றால், பழையதை மூடியவர்கள் யாருடைய உழைப்பில் மூடினார்கள், மூடியபின் என்ன கதை சொன்னார்கள் என்பதில்.

இந்தக் கேள்வி மிகக் கூர்மையாக எழும் ஊர் இசமால். மெரிதாவுக்குக் கிழக்கே ஏறக்குறைய 70 கிலோமீட்டர். ஊர் முழுவதும் மஞ்சள் வண்ணம். நடுவே புனித பதுவா அந்தோனியார் மடம், மிக அகன்ற முற்றத்தோடு, ஓர் உயர்ந்த மேட்டின்மேல் நிற்கிறது. அந்த மேடு மாயப் பிரமிடு ஒன்றின் அடித்தளம். கோயிலைப் பெயர்த்து, அதே மேடையில், அதே கற்களால், 1561-இல் மடத்தைக் கட்டி முடித்தார்கள். சில சுவர்க்கற்களில் மாயச் செதுக்கலின் வளைகோடுகள் இன்றும் தெரிகின்றன. சற்று வடக்கே கினிச் காக்மோ என்னும் மாபெரும் பிரமிடு, ஊர் வீடுகளுக்கு நடுவே மரஞ்செடி மண்டி நிற்கிறது. ஸ்பானியர் வருவதற்கு முன்பே இசமால் பெரிய யாத்திரைத் தலம். மடம் வந்தபின் அங்கு நிறுவப்பட்ட மாதா சிலையை நாடி யாத்திரை தொடர்ந்தது. 1993 ஆகஸ்டில் போப் இரண்டாம் ஜான் பால் அமெரிக்கக் கண்டத்துப் பழங்குடி மக்களைச் சந்திக்கத் தேர்ந்தெடுத்த இடமும் இதுவே. வழிகாட்டிகள் இதைப் பண்பாடுகளின் சங்கமம் என்று வருணிப்பது வழக்கம். சங்கமம் என்ற சொல்லுக்கு இரு ஆறுகளும் தாமாக ஓடிவந்து சேர வேண்டும்.

மடத்தை எழுப்புவதில் முன்னின்றவர் தியேகோ தெ லாண்டா. 1549-இல் 25 வயதுத் துறவியாக யுகாத்தானில் கால்வைத்தவர். மாய மொழியை விரைவில் கற்றார். காடுகளுக்குள் கால்நடையாகச் சென்றார். கொடுமைக்கார ஸ்பானியக் குடியேறிகளிடமிருந்து மாயர்களைக் காக்க வாதாடினார். மாயப் பிரபுக்கள் அவரை நம்பினார்கள். சொத்தூத்தா பகுதியின் தலைவரான ஹுவான் கொக்கோம் தம் பாட்டனாரிடமிருந்து வந்த ஓர் ஓவிய நூலை அவரிடம் காட்டியதாக லாண்டாவே எழுதியிருக்கிறார். 1561-இல் அவர் அம்மாகாணத்துப் பிரான்சிஸ்கன் சபையின் தலைவரானார். அடுத்த ஆண்டு மனி என்ற ஊருக்கு அருகே ஒரு குகையில் சிலைகளும் மண்டையோடுகளும் இருப்பது தெரியவந்தது. திருமுழுக்குப் பெற்றவர்கள் இரகசியமாகப் பழைய வழிபாட்டைத் தொடர்கிறார்கள் என்று விசாரணை தொடங்கியது.

மனி சாதாரண ஊரன்று. ஷிவு வம்சத்தின் தலைநகர்; ஸ்பானியருக்கு முதலில் நட்புக்கரம் நீட்டிய அரசு. அங்கேதான் கைகளைக் கட்டித் தொங்கவிட்டும், கசையால் அடித்தும், கொதிமெழுகு ஊற்றியும் வாக்குமூலங்கள் பெறப்பட்டன. பின்னர் நடந்த அதிகாரபூர்வ விசாரணையின் கணக்குப்படி, மூன்று மாத காலத்தில் 4,500-க்கும் மேற்பட்டோர் சித்திரவதைக்கு உள்ளாயினர்; 158 பேர் அதனால் இறந்தனர். 1562 ஜூலை 12 அன்று மனி மடத்தின் முற்றத்தில் தண்டனைச் சடங்கு நடந்தது. பல்லாயிரம் சிலைகள் எரிக்கவும் உடைக்கவும் பட்டன. இறந்தவர்களின் எலும்புகள் தோண்டியெடுக்கப்பட்டுத் தீயிலிடப்பட்டன. மாய எழுத்து நூல்களும் அந்தத் தீயில் போயின. எத்தனை என்பதில் ஆவணங்கள் வேறுபடுகின்றன. 27 என்று ஒரு மரபு. நூல்களை எரித்ததை லாண்டா தம் கைப்பட ஒப்புக்கொள்கிறார், அது மாயர்களுக்கு மிகுந்த துயரம் தந்தது என்பதையும் ஒருவித வியப்போடு பதிவு செய்கிறார். ஸ்பானியருக்கு முந்தைய மாயச் சுவடிகளாக இன்று உலகில் எஞ்சியவை நான்கே: திரெஸ்டன், மாத்ரித், பாரிஸ் நகரங்களில் ஒவ்வொன்று, நான்காவது மெக்சிகோவில், அதன் மெய்த்தன்மை பல பத்தாண்டு வாதத்துக்குப்பின் 2018-இல் அந்நாட்டு அரசு நிறுவனத்தால் உறுதிசெய்யப்பட்டது.

இங்கே வரலாறு ஒரு விசித்திரமான முடிச்சைப் போடுகிறது. புதிதாக வந்த ஆயர் தொரால் லாண்டாவின் செயலைக் கண்டித்தார். விளக்கமளிக்க ஸ்பெயினுக்குச் சென்ற லாண்டா, 1566-ஐ ஒட்டி யுகாத்தான் பற்றிய ஒரு பெருநூலை எழுதினார். மாயரின் நாட்காட்டி, பயிர், திருமணம், ஈமச்சடங்கு, தெய்வங்கள், கட்டடங்கள் எனத் தாம் அழித்த உலகின் விவரங்களை அவரைவிட விரிவாக வேறெந்த ஐரோப்பியரும் எழுதவில்லை. நூலின் மூலம் தொலைந்தது; சுருக்கப்பட்ட ஒரு படியை 1862-இல் பிரெஞ்சுப் பாதிரியார் பிரசர் தெ பூர்பூர் மாத்ரித்தின் நூலகமொன்றில் கண்டெடுத்து 1864-இல் வெளியிட்டார். அந்தப் படியில் மாய 'எழுத்துவரிசை' என்று ஒரு பட்டியல் இருந்தது.

பட்டியல் உருவான விதம் மொழியியல் மாணவர்களுக்குச் சுவையானது. லாண்டா ஸ்பானிய எழுத்துகளை ஒவ்வொன்றாக அவற்றின் பெயரால் உச்சரித்து, அதற்கு மாய எழுத்து எது என்று கேட்டிருக்கிறார். எதிரே அமர்ந்த மாய எழுத்தருக்கு அப்படி ஒற்றை மெய்யெழுத்து என்ற கருத்தே கிடையாது. மாய எழுத்து முறை சொற்குறிகளும் உயிர்மெய் அசைகளும் கலந்தது. ஆங்கில எழுத்தின் பெயரை 'எம்' என்று ஒருவர் சொல்ல, தமிழ் மட்டும் அறிந்தவர் 'எ', 'ம்' என்று இரண்டு எழுத்துகளை எழுதிக்காட்டுவது போன்ற நிலை. லாண்டா 'பே' என்று சொன்னபோது எழுத்தர் 'பே' என்ற அசைக்குரிய குறியை வரைந்தார். மாய மொழியில் அச்சொல்லுக்கு வழி என்று பொருள், குறியில் இருப்பது பாதச்சுவடு. பிறகு ஒரு வாக்கியம் எழுதிக்காட்டும்படி கேட்டிருக்கிறார். எழுத்தர் எழுதியது 'மா இன் கதி'. எனக்கு விருப்பமில்லை என்று அதற்குப் பொருள். லாண்டா அதையும் எடுத்துக்காட்டாக நூலில் சேர்த்துவிட்டார். கேள்விகளால் சலித்த ஒரு மனிதரின் குரல் 16ஆம் நூற்றாண்டிலிருந்து இவ்வளவு தெளிவாகக் கேட்பது அரிது.

அவருக்குத் தகவல் தந்தவர்களில் முக்கியமானவர் காஸ்பார் அந்தோனியோ சி. ஷிவு வம்சத்துத் தாய்க்குப் பிறந்தவர். ஸ்பானியமும் இலத்தீனும் கற்று மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றியவர். இவரைப் போன்றோர் சொன்னதைத்தான் லாண்டா எழுதினார் என்பதை நினைவில் வைத்தால், அந்நூலை லாண்டாவின் நூல் என்று மட்டும் அழைப்பது எவ்வளவு பொருந்தும் என்ற ஐயம் எழும். ஏறக்குறைய நானூறு ஆண்டுகள் கழித்து, 1952-இல், லெனின்கிராதில் யூரி கினோரசவ் அந்தப் பட்டியலை எழுத்துவரிசையாகப் பார்க்காமல் அசைவரிசையாகப் பார்த்தார்; பூட்டு திறந்தது. அப்போது அவர் மாய நிலத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. அவர் முதலில் குவாத்தமாலாவுக்குச் சென்றதே 1990-இல்தான். நூல்களை எரித்தவர் எழுதிவைத்த குறிப்பு, எரியாமல் தப்பிய கல்வெட்டுகளைப் படிக்கத் திறவுகோலானது என்று வழிகாட்டிகள் நயமாகச் சொல்வதுண்டு. திறவுகோலைச் செய்தவர் பெயர் தெரியாத அந்த எழுத்தர்தான்.

தீயோடு மாயரின் எழுத்து முடிந்துவிடவில்லை என்பது இதைவிட முக்கியமானது, பயணக் குழுக்களுக்குச் சொல்லப்படுவது குறைவு. துறவிகளிடம் இலத்தீன் எழுத்தைக் கற்ற மாய எழுத்தர்கள் தம் மொழியை அதில் எழுதத் தொடங்கினார்கள். நில எல்லைகளை வரையறுத்த 1557ஆம் ஆண்டு மனி உடன்படிக்கை முதல், 19ஆம் நூற்றாண்டு வரையிலான உயில்களும் நில விற்பனைப் பத்திரங்களும் மனுக்களும் மாய மொழியில் எழுதப்பட்டவை. ஊருக்கு ஊர் காக்கப்பட்ட சிலாம் பாலாம் நூல்கள், வரலாற்றையும் ஆரூடத்தையும் மருத்துவத்தையும் தலைமுறை தலைமுறையாகப் படியெடுத்துக் கொண்டுவந்தன. ஒரு நாகரிகம் மறைந்துவிட்டது என்று பிறர் எழுதிக்கொண்டிருந்த காலம் முழுவதும் அது பத்திரம் எழுதிக்கொண்டிருந்தது.

மறைவு என்ற கதைக்கு ஒரு மெய்யான அடிப்படை உண்டு. தெற்குத் தாழ்நிலங்களின் பெருநகரங்கள் 9ஆம் நூற்றாண்டில் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிடப்பட்டன. நெடுங்கணக்கு முறையில் காலம் குறித்த கடைசிக் கல்வெட்டு தொனினாவில் கிடைத்தது, ஆண்டு 909. உஷ்மாலும் ஸ்பானியர் வருவதற்கு நெடுங்காலம் முன்பே வெறுமையாகிவிட்டது. ஆனால் வடக்கே மாயப்பான் 15ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை கோலோச்சியது. சிச்சென் இட்சாவிலோ, 1530-களில் இளைய மொந்தேஹோ 'சியூதாத் ரெயால்' என்ற பெயரில் தம் முதல் அரச நகரையே அந்தப் பழைய கட்டடங்களுக்கு நடுவில் அமைக்க முயன்றார். சுற்றியிருந்த மாயர்கள் உணவை நிறுத்தினார்கள், முற்றுகையிட்டார்கள். ஸ்பானியர்கள் தப்பிய விதத்தை லாண்டா ஒரு கதையாகச் சொல்கிறார்: மணியின் நாவில் ஒரு நாயைக் கட்டி, அதற்கு எட்டாத தூரத்தில் ரொட்டியை வைத்துவிட்டு இரவோடு இரவாக நழுவினார்களாம், நாய் ரொட்டிக்குத் தாவத் தாவ மணி ஒலித்தது, உள்ளே ஆட்கள் இருப்பதாக முற்றுகையாளர்கள் எண்ணிக்கொண்டார்கள். கதை எப்படியாயினும், சிச்சென் இட்சா சில மாதங்கள் ஒரு காலனிய நகரமாக இருந்தது, மாயர்களின் கையால் மீண்டும் சிதைவானது.

இதே நிரல்களில் நீளமானவை எல்லை கடந்து குவாத்தமாலாவின் திக்கால் வரை செல்லும். திக்காலைப் பார்க்க வருவோர் பெரும்பாலும் தங்குவது ஃப்ளோரஸ் என்ற ஏரித்தீவு நகரில்: குறுகிய தெருக்கள், வண்ண வீடுகள், உச்சியில் தேவாலயம். அந்தத் தீவுதான் நோஹ்பெத்தேன், இட்சா மாயரின் தலைநகர். சிச்சென் இட்சாவிலிருந்து வந்தவர்கள் தாங்கள் என்பது அவர்களது மரபுச் செய்தி. 1697 மார்ச் 13 அன்று மார்த்தின் தெ உர்சுவாவின் படை, கரையிலேயே கட்டிய போர்ப்படகில் ஏரியைக் கடந்து தீவைத் தாக்கும் வரை அது எந்த ஸ்பானிய அரசுக்கும் பணியவில்லை. ஹார்வர்டு கல்லூரி தொடங்கி அப்போது 61 ஆண்டுகள் ஆகியிருந்தன. காலையில் 'மறைந்துபோன மாயரின்' திக்காலைப் பார்த்துவிட்டு மாலையில் 'காலனிய' ஃப்ளோரஸுக்குத் திரும்பும் பயணி, கடைசி மாய அரசின் தலைநகரில்தான் உறங்குகிறார்.

ஸ்டீவன்ஸுக்கு ஒரு நன்றி உரியது. அவர் காலத்தில் இந்தக் கட்டடங்களை எகிப்தியருக்கும் ஃபீனிசியருக்கும் இஸ்ரவேலின் தொலைந்த குலங்களுக்கும் உரிமையாக்கிய எழுத்துகள் மலிந்திருந்தன. ஓவியர் பிரெடெரிக் கேதர்வுட்டுடன் 1839 முதல் இருமுறை பயணம் செய்த அவர், இவற்றைக் கட்டியவர்கள் இம்மண்ணில் வாழும் மக்களின் முன்னோர்களே என்ற முடிவுக்கு வந்து அதைத் துணிந்து எழுதினார். (பெயரொலியின் ஒற்றுமையை மட்டும் பிடித்துக்கொண்டு இவற்றை மாமுனி மயனிடம் ஒப்படைக்கும் தமிழ் எழுத்துகள் இன்றும் உலவுகின்றன. மாயா என்பது மாயப்பானோடு தொடர்புடைய யுகாத்தான் வட்டாரப் பெயர். ஏறக்குறைய முப்பது மொழிகள் பேசும் மக்களுக்கு அது பொதுப்பெயரானது பிற்கால ஆய்வு வழக்கு. ஃபீனிசியருக்குப் பதில் மயன் என்பதில், கட்டியவர்களின் கையிலிருந்து கட்டடத்தைப் பறிக்கும் வேலை மாறவில்லை.) அதே ஸ்டீவன்ஸ் கொப்பான் நகரின் சிதைவுகளை 50 டாலருக்கு விலைபேசினார், கபாவிலிருந்து செதுக்கிய மர உத்தரமொன்றைப் பெயர்த்து நியூயார்க்குக்கு அனுப்பினார். 1842-இல் கேதர்வுட்டின் காட்சியரங்கம் தீப்பற்றியபோது அதுவும் எரிந்தது.

அவர் பார்த்த மாயர்கள், அவருடைய பெட்டிகளைச் சுமந்தவர்கள், பணிவானவர்களாகவும் மௌனமானவர்களாகவும் அவர் ஏட்டில் வருகிறார்கள். யுகாத்தான் பயணம் முடிந்து ஏறக்குறைய ஐந்தாண்டுகளில் அந்த மௌனம் உடைந்தது. இடம் வயாதோலித். 1840-களில் அங்கிருந்த கிரியோயோ குடும்பங்கள் தம் தூய ஸ்பானிய வம்சத்தில் பெருமை கொண்டவை. கரும்புத் தோட்டங்கள் மாயரின் பொதுநிலங்களை விழுங்கின. வரியும் தேவாலயக் கட்டணமும் அழுத்தின. உள்நாட்டு அரசியல் சண்டைகளுக்காக மாயர்களுக்கு ஆயுதப் பயிற்சி தந்தவர்களும் கிரியோயோக்களே. 1847 ஜூலை 26 அன்று மாயத் தலைவர் மனுவேல் அந்தோனியோ ஐ வயாதோலித்தில் கொல்லப்பட்டார். நான்கு நாட்களில் செசிலியோ சி தலைமையில் தெபிச் ஊரில் எழுச்சி வெடித்தது. 1848 மார்ச்சில் வயாதோலித் வீழ்ந்தது. மாயப் படைகள் மெரிதாவை நெருங்கின. யுகாத்தான் அரசு தன் இறையாண்மையையே அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் ஸ்பெயினுக்கும் ஏலம் போடத் தயாரானது. விதைப்புக் காலம் வந்துவிட்டதென்று படையினர் ஊர் திரும்பினார்கள் என்பது பின்னாளில் ஒரு மாயத் தலைவரின் மகன் சொல்லிப் பதிவான செய்தி.

சாதிப் போர் என்று வரலாற்றில் பெயர் பெற்ற இப்போர் அரை நூற்றாண்டு நீடித்தது. பிடிபட்ட மாயர்கள் கியூபாவின் கரும்புத் தோட்டங்களுக்கு விற்கப்பட்டார்கள். 1861-இல் அதிபர் ஹுவாரெஸ் தடைசெய்யும் வரை அந்த வணிகம் நடந்தது. கிழக்குக் காட்டில், பேசும் சிலுவையின் ஆணைப்படி, சான் சாந்தா குரூஸ் என்ற தலைநகரோடு மாயர்கள் தமக்கென ஓர் அரசமைப்பை 1901 வரை நடத்தினார்கள். மேற்கே, போரின் நிழலில், ஹெனெக்கென் என்னும் நார்க்கற்றாழைத் தோட்டங்கள் விரிந்தன. தமிழ்நாட்டில் இருப்புப்பாதை ஓரங்களில் நிற்கும் ரயில் கற்றாழையின் இனம் அது. கடனால் கட்டுண்ட மாயத் தொழிலாளர்களின் உழைப்பில் விளைந்த அந்த நாரின் பணம்தான் மெரிதாவின் பசேயோ தெ மொந்தேஹோ பெருவீதியின் பிரெஞ்சுப் பாணி மாளிகைகள். வீதிக்கு வைத்த பெயரைக் கவனிக்க வேண்டும். பயணிகள் ஒளிப்படம் எடுத்துக்கொள்ளும் 'காலனிய' அழகில் கணிசமான பகுதி, ஸ்பானியக் காலனி முடிந்தபின் எழுந்தது. வயாதோலித்தில் குழுக்களுக்குக் காட்டப்படுபவை நீர்க்குழியும் மடமும் வண்ணச் சுவர்களும். 1847 ஒரு வாக்கியத்தில் முடிந்துவிடுகிறது.

இறுதியாகச் சிச்சென் இட்சா. 1894-இல் அமெரிக்கத் தூதரக அலுவலர் எட்வர்டு தாம்சன் சிதைவுகள் அடங்கிய பண்ணையை விலைக்கு வாங்கினார். புனித நீர்க்குழியைத் தூர்வாரி, பொன்னும் பச்சைக்கல்லும் மனித எலும்புகளுமாகக் கிடைத்தவற்றை ஹார்வர்டின் பீபாடி அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார். அவற்றில் ஒரு பகுதி மட்டுமே பின்னாளில் திரும்பியது. 1923-இல் யுகாத்தான் ஆளுநர் ஃபெலிப்பே காரியோ புவெர்த்தோ அங்கு சாலை அமைத்தார். சோசலிஸ்ட், மாய மொழியில் மேடையேறிப் பேசியவர், மாயத் தொழிலாளர்கள் தம் முன்னோரின் கட்டடங்களைக் காண வேண்டும் என்பது அவர் நோக்கங்களுள் ஒன்று. 1924 ஜனவரி 3 அன்று எதிர்ப்படையினர் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அதே ஆண்டு வாஷிங்டனின் கார்னெகி நிறுவனம் சில்வானஸ் மார்லி தலைமையில் பணியைத் தொடங்கியது. இடிந்து கிடந்தவற்றை எடுத்து நிறுத்திய கூலியாட்கள் அருகிலிருக்கும் பிஸ்தே போன்ற ஊர்களின் மாயர்கள். இன்று பயணி காணும் சிச்சென் இட்சாவில் அவர்கள் கைவேலையும் பெரும்பங்கு.

சாலை உழைப்பாளிகளுக்காக வந்தது. அதில் வந்தவர்கள் சுற்றுலாப் பயணிகள். 1970-களில் கான்கூன் கடற்கரை நகரம் எழுந்தபின் அவர்கள் எண்ணிக்கை பெருகியது. சிதைவுகள் நாட்டுடைமை, ஆனால் அவற்றின் கீழுள்ள நிலம், தாம்சனின் வாரிசுகளிடமிருந்து வாங்கிய ஒரு சுற்றுலாத் தொழில் குடும்பத்திடம் 2010 வரை இருந்தது. அந்த ஆண்டு யுகாத்தான் மாநில அரசு 22 கோடி பெசோ கொடுத்து அதை வாங்கியது. இப்போது ஆண்டுக்கு இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் நுழைவுச்சீட்டு வாங்குகிறார்கள். 2020 கணக்கெடுப்பின்படி மெக்சிகோவில் யுகாத்தான் மாய மொழி பேசுவோர் 7,74,755 பேர்.

அவர்களில் சில நூறு பேர் நாள்தோறும் விடியலில் சுமையோடு தொல்லியல் வளாகத்துக்குள் வந்து, நிழலோரப் பாதைகளில் மரச் சிறுத்தைகளையும் முகமூடிகளையும் துணிகளையும் விரிக்கிறார்கள். பெரும்பாலோர் பிஸ்தேயையும் சுற்றியுள்ள ஊர்களையும் சேர்ந்தவர்கள். கார்னெகி காலத்தில் கல் சுமந்தவர்களின் பேரர்களும் அவர்களிடையே உண்டு. நிர்வாகத்தின் கோப்புகளில் அவர்கள் முறையற்ற வணிகர்கள். அவர்களை வெளியேற்றும் திட்டங்கள் பலமுறை வந்திருக்கின்றன. ஒவ்வொரு முறையும் பேச்சுவார்த்தை, சில சமயம் சாலை மறியல். தொல்லியல் சின்னத்தின் தூய்மை கெடுகிறது என்பது ஒரு தரப்பின் வாதம். எங்கள் தாத்தாக்கள் எடுத்து நிறுத்திய இடத்தில் எங்களுக்கு நிற்க இடமில்லையா என்பது மறுதரப்பின் வாதம். குழுவை முன்னே அழைத்துச் செல்லும் வழிகாட்டி, பிரமிடின் நான்கு புறமும் 91 படிகள் என்றும், உச்சியையும் சேர்த்தால் 365 என்றும் கணக்குச் சொல்லிக்கொண்டு போகிறார். பாதையோரத்தில் கடைக்காரர்கள் தமக்குள் மாய மொழியில் பேசிக்கொள்கிறார்கள்.